பழைய காரின் மறுபூச்சும் அதைக் கண்டறியும் அறிவியலும்

பழைய கார் ஒன்றை வாங்க முற்படுபவர் எஞ்சினின் ஓசையையும் வண்டி ஓடிய தூரத்தையும் முதலில் கவனிப்பது வழக்கம். ஆனால் அந்தக் கார் எங்காவது மோதியிருக்கிறதா, மோதியிருந்தால் அடி எவ்வளவு ஆழம் சென்றது என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் அதன் மேற்பூச்சில்தான் பதிந்திருக்கிறது. நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் தெளித்து முடித்த பிறகு பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றலாம். எனினும் ஆலையில் ஏறிய பூச்சும் பட்டறையில் ஏறிய பூச்சும் வேறுவேறு வேதிவினைகளால், வேறுவேறு வெப்பநிலைகளில், வேறுவேறு கருவிகளைக் கொண்டு உருவானவை. இருக்கை, மின்கம்பி, கண்ணாடி, ரப்பர், எரிபொருள் தொட்டி ஆகிய எல்லாம் பொருத்தப்பட்டு முழுமையடைந்த ஒரு வண்டியை மீண்டும் ஆலையின் உலைக்குள் செலுத்த முடியாது என்பதால், அந்த வேறுபாட்டை முற்றாக மறைப்பது தேர்ந்த கைவினைஞருக்கும் அரிது. மறுபூச்சைக் கண்டறியும் முறைகள் பலவும் இந்த ஓர் உண்மையையே வேராகக் கொண்டவை.

ஆலையில் உருவாகும் பூச்சு

காரின் உடல் வண்ணக் கூடத்துக்குள் நுழையும்போது அது வெறும் இரும்புக் கூடு மட்டுமே. கதவு, பானெட், ஃபெண்டர், டிக்கி மூடி ஆகியவை அதில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சினோ இருக்கையோ கண்ணாடியோ இருக்காது. ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த எஃகுத் தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிய பின், துத்தநாகப் பாஸ்பேட் கரைசலில் அதை நனைக்கிறார்கள். தகட்டின் மீது மிக நுண்ணிய படிகங்கள் வளர்ந்து, அடுத்து வரும் பூச்சு பற்றிக்கொள்வதற்கு ஏற்ற சொரசொரப்பான தளத்தை அமைத்துத் தருகின்றன.

அதற்கு அடுத்த கட்டமே முழுப் பூச்சுக்கும் அடித்தளமாக விளங்குவது. நீரில் மிதக்கும் பிசின் துகள்களுக்கு நேர்மின்னூட்டம் அளித்து, காரின் உடலை எதிர்மின்முனையாக இணைத்துத் தொட்டிக்குள் முழுவதுமாக மூழ்கச் செய்து, 200 முதல் 350 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தைச் செலுத்துகிறார்கள். துகள்கள் உலோகத்தை நாடிச் சென்று படிகின்றன. படிந்த இடம் மின்சாரத்தைத் தடுக்கத் தொடங்குவதால் மின்னோட்டம் இன்னும் மூடப்படாத இடங்களைத் தேடிச் செல்கிறது. இவ்வாறு தூண்களின் உட்புறம், கதவுகளின் மடிப்பு என எந்தத் தெளிப்பானும் எட்டாத பொந்துகளும் ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனுக்குச் சீராக மூடப்படுகின்றன. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபோர்டு நிறுவனத்தின் வேதியியலாளர் ஜார்ஜ் புரூவர் 1950களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இந்த மின்படிவு முறை, உடலை எதிர்மின்முனையாக்கும் இன்றைய வடிவில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து கார் ஆலைகளில் பரவியது. மின்படிவுப் பூச்சு ஏறிய உடல் 160 முதல் 180 பாகை செல்சியஸ் வரையிலான உலையில் சுடப்படுகிறது.

அதன்மேல் மேடுபள்ளங்களைச் சமன்செய்யும் இடைப்பூச்சான பிரைமர் 30 முதல் 40 மைக்ரானும், நிறத்தைத் தரும் அடிவண்ணம் 12 முதல் 20 மைக்ரானும், பளபளப்பையும் பாதுகாப்பையும் தரும் நிறமற்ற கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரானும் ஏறுகின்றன. அடிவண்ணம் முழுதும் இறுகும் முன்பே கிளியர் கோட்டைத் தெளித்து, இரண்டையும் ஒன்றாக 140 பாகை அளவில் சுடுவது ஆலைகளின் வழக்கம். இடைப்பூச்சையே தவிர்த்துவிடும் புதிய முறைகளும் நடைமுறைக்கு வந்துள்ளதால், ஆலைப் பூச்சின் மொத்தத் தடிமன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டாலும், பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் என்ற எல்லைக்குள் அடங்குகிறது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் கிண்ண வடிவத் தெளிப்பான்களை எந்திரக் கைகள் ஒரே வேகத்தில் நகர்த்துவதால், ஒரே பேனலின் வெவ்வேறு புள்ளிகளுக்கிடையே தடிமன் சிறிதளவே மாறும். மறுபூச்சைத் தேடுபவருக்கு இந்தச் சீர்மையே முதல் அளவுகோல்.

பட்டறையின் வேதியியல்

ஒரு காலத்தில் ஆலைப் பூச்சுக்கும் பட்டறைப் பூச்சுக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கவில்லை. 1923-இல் டூபாண்ட் நிறுவனத்தின் டுகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை ஜெனரல் மோட்டார்ஸ் தனது ஓக்லாண்ட் கார்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியபோது, அதுவரை வாரக்கணக்கில் நீண்ட வண்ணவேலை சில நாள்களில் முடிந்தது. அது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்ந்த பூச்சு; அதே பொருளைப் பட்டறையிலும் தெளிக்க முடிந்தது. பின்னர் ஆலைகள், உலைச் சூட்டில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலையாக இறுகும் பிசின்களுக்கு மாறிய பிறகுதான் இரண்டும் வேதியியலிலேயே பிரிந்தன. இன்றைய ஆலைகளின் கிளியர் கோட்டில் பெரும்பாலும் மெலமைன் பிசின் இந்தப் பிணைப்பைச் செய்கிறது. அதற்கு 120 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை.

முழுமையடைந்த காரில் அந்த வெப்பம் நெகிழிப் பாகங்களை உருக்குலைத்து, மின்னணுக் கருவிகளைக் கெடுத்துவிடும். ஆகவே பட்டறைகள் இரண்டு கூறுகளைக் கலந்து தெளிக்கும் பாலியூரித்தேன் பூச்சை நம்புகின்றன. அதில் அக்ரிலிக் பிசின் ஒரு கூறு. ஐசோசயனேட் அடங்கிய ஹார்டனர் மற்றொன்று. இரண்டும் கலந்தவுடன் அறை வெப்பத்திலேயே வினை தொடங்குகிறது. வசதியுள்ள பட்டறைகள் மூடிய சாவடியில் ஏறத்தாழ 60 பாகையில் அரைமணி நேரம் சூடேற்றி அதை விரைவுபடுத்துகின்றன. நன்கு செய்யப்பட்ட பாலியூரித்தேன் பூச்சு உறுதியானதே. ஆயினும் அதற்கு அடியிலுள்ளவை ஆலையின் அடுக்குகளிலிருந்து வேறானவை. நிமிர்த்திய தகட்டில் எஞ்சும் பள்ளத்தை நிரப்பப் பாலியெஸ்டர் பிசினும் டால்க் தூளும் கலந்த பட்டி பூசப்படுகிறது. அது எளிதில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும், சில வேளைகளில் மூன்று மில்லிமீட்டரையும் எட்டும். அதன்மேல் பிரைமரும் வண்ணமும் கிளியர் கோட்டும் சேரும்போது தடிமன் ஆலையின் அளவைப்போல் பல மடங்காகிறது.

அடுக்குகள் முழுமையாக இறுகுவதற்குள் வண்டி உரிமையாளரிடம் திரும்பிவிட்டால் இன்னொரு தடயமும் உருவாகிறது. பூச்சுக்குள் சிக்கிய கரைப்பான் வாரக்கணக்கில் மெல்ல வெளியேற, படலம் சுருங்கி, அடியிலுள்ள உப்புத்தாளின் கீறல்கள் மேலே புலப்படத் தொடங்கும். பட்டி முடியும் எல்லை ஒரு மங்கிய வளையமாகத் தெரியும். வண்ணவேலை முடிந்த நாளில் குறையின்றி இருந்த பேனல் சில மாதங்களில் தன் மறைவைத் தானே வெளிப்படுத்துவதற்கு இதுவே காரணம்.

ஒளியில் தெரிபவை

தெளிக்கப்பட்ட துளிகள் ஒன்றுகூடி உருவாக்கும் ஈரப் படலம் முதலில் அலையலையாகத்தான் இருக்கும். திரவத்தின் பரப்பு இழுவிசை அந்த அலைகளை இழுத்துச் சமன்செய்ய முயல, அதன் பாகுத்தன்மை அம்முயற்சியைத் தடுக்கிறது. அலைகளுக்கிடையிலான தொலைவு இரண்டு மடங்கானால் சமன்பட ஆகும் நேரம் பதினாறு மடங்காகிறது. படலத்தின் தடிமன் பாதியானால் அந்நேரம் எட்டு மடங்காகிறது. எனவே நுண்ணிய அலைகள் விரைவில் மறைந்து, சில மில்லிமீட்டர் அகலமுள்ள அலைகள் உறைந்து நின்றுவிடுகின்றன. பெயிண்டர்கள் ஆரஞ்ச் பீல் என்று குறிப்பிடும் இந்தச் சொரசொரப்பு ஆலைப் பூச்சிலும் உண்டு. ஆனால் அங்கு அது ஒரே சீரானது. பட்டறையில் தெளிப்பானின் அழுத்தம், கையின் வேகம், தின்னரின் அளவு, அன்றைய வெப்பம் ஆகியவற்றுக்கேற்ப அது மாறுவதால், மறுபூச்சுப் பெற்ற பேனலில் அதன் அமைப்பு அண்டைப் பேனலோடு ஒத்துப்போவதில்லை. சில பேனல்கள் மெருகேற்றப்பட்டு ஆலைப் பூச்சைவிட வழவழப்பாக இருப்பதும் உண்டு, அதுவும் ஐயத்துக்குரியதே.

இங்கு ஒப்பிடும் முறை முக்கியமானது. நிற்கும் பரப்பில் பூச்சு வழிந்துவிடும் என்பதால் ஆலையிலேயே கதவுகளும் கூரையும் வெவ்வேறு அமைப்பைப் பெறுகின்றன. ஆகவே கதவைப் பானெட்டோடு ஒப்பிடாமல், இடப்பக்கக் கதவை வலப்பக்கக் கதவோடும் முன்கதவைப் பின்கதவோடும் ஒப்பிட வேண்டும். நீண்ட குழல்விளக்கின் பிம்பத்தைப் பேனலில் விழச் செய்து, பார்ப்பவர் மெல்ல நகர்ந்தால், பிம்பத்தின் விளிம்பு ஓரிடத்தில் நெளிவதும் மற்றோரிடத்தில் நேராக இருப்பதும் தெளிவாகப் புலப்படும். அடியிலுள்ள பட்டி முழுமையாகச் சமன்செய்யப்படாவிட்டால் பிம்பம் அங்கே வளைந்து காட்டும்.

நிற வேறுபாட்டைக் காண்பதில் மெட்டாலிக் வண்ணங்கள் மிகுதியாக உதவுகின்றன. அவற்றில் கலந்துள்ள நுண்ணிய அலுமினியத் தகடுகள் பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால், நேரே பார்க்கும்போது வண்ணம் ஒளிர்ந்தும் சாய்வாகப் பார்க்கும்போது இருண்டும் தோன்றும். தெளிப்பு அதிக ஈரமாக விழுந்தால் தகடுகள் படுப்பதற்குப் பதிலாகத் தாறுமாறாக நிற்க, நேர்ப்பார்வையில் நிறம் இருளும். உலர்வாக விழுந்தால் வெளிறும். வண்ணக் குறியீடு சரியாக இருந்தும், ஒரு கோணத்தில் பொருந்தும் கதவு மறு கோணத்தில் பிரிந்து தெரிவது இதனால்தான். அதோடு, வேறு நிறமிகளைக் கலந்து உருவாக்கிய நிறம் ஒருவகை ஒளியில் பொருந்தி மற்றொரு ஒளியில் பொருந்தாமல் போகலாம். ஆகையால் காரைப் பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும், பல கோணங்களிலும் பார்ப்பது அவசியம். இந்தச் சிக்கலை அறிந்த பெயிண்டர்கள், புதிய நிறத்தை அண்டைப் பேனலுக்குள்ளும் சிறிது சிறிதாகக் கரைந்துபோகுமாறு தெளித்து, அந்தப் பேனல் முழுவதற்கும் கிளியர் கோட் அடிப்பார்கள். அதனால் அடிபடாத பேனலிலும் கூடுதல் தடிமன் இருக்கக்கூடும்.

பம்பரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. அது நெகிழியால் ஆனது. பெரும்பாலும் தனியாக, குறைந்த வெப்பத்தில் வண்ணம் பூசப்படுவது. எனவே புத்தம்புதிய காரிலும் பம்பரின் நிறம் ஃபெண்டரிலிருந்து சிறிது மாறுபடலாம்; அதைக் கொண்டு மட்டும் மறுபூச்சு என்று முடிவு செய்வது தவறாகும்.

ஓரங்களும் மூலைகளும்

பரப்பின் நடுவில் எவ்வளவு திறமை காட்டப்பட்டாலும், ஓரங்களில் வேலையின் சுவடு எஞ்சிவிடும். ஆலையில் வண்ணம் ஏறும்போது ரப்பர் பீடிங்கும் கண்ணாடியும் விளக்கும் இல்லாததால், அவற்றின் மீது வண்ணத் தூசி படிய வாய்ப்பே இல்லை. பட்டறையில் அவற்றைக் கழற்றாமல் காகிதமும் மாஸ்கிங் டேப்பும் ஒட்டி மறைத்துத் தெளித்தால், பீடிங்கின் மடிப்பிலும் சக்கர வளைவின் உட்புறத்திலும் மெல்லிய படிவு தங்கும். டேப் முடிந்த இடத்தில் வண்ணம் ஒரு கூரிய படிபோல நிற்பதால், கதவைத் திறந்து அதன் உள்விளிம்பில் விரல்நகத்தை ஓட்டினால் அந்தப் படி தட்டுப்படும்.

பானெட்டையும் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டுகள் உடலோடு சேர்ந்தே வண்ணம் பெறுவதால், அவற்றின் தலையில் பூச்சு முறியாமல் இருக்க வேண்டும். ஸ்பானர் பட்ட மூலைகளில் வண்ணம் உதிர்ந்திருந்தால் அந்தப் பேனல் ஒருமுறையேனும் கழற்றப்பட்டிருக்கிறது. பொருத்தும் வேலையின் வசதிக்காகச் சில ஆலைகளே கதவுகளைக் கழற்றி மாட்டுவது உண்டு என்பதால், கதவுப் போல்ட்டை இடவலமாக ஒப்பிட்டு முடிவு செய்வதே முறை. தகடுகள் சேரும் மூட்டில் எந்திரக் கை இடும் சீலர் ஒரே அகலத்தில் ஓடும். கையால் இட்டது அகலம் மாறி, தூரிகைக் கோடுகளோடு காணப்படும். ஒரு காரின் உடலில் சில ஆயிரம் ஸ்பாட் வெல்டுகள் இருக்கின்றன. இரண்டு தகடுகளை மின்முனைகளுக்கிடையே அழுத்தி மின்சாரத்தால் உருக்கி இணைக்கும் அந்த முறை, சீரான இடைவெளியில் வட்டக் குழிகளை விட்டுச்செல்கிறது. விளிம்பில் குழிகள் காணாமல்போயிருந்தாலோ, அவை இருக்க வேண்டிய இடத்தில் அரைத்துத் தேய்த்த வெல்டு தெரிந்தாலோ, அங்கே தகடு வெட்டி மாற்றப்பட்டிருக்கிறது என்பது ஏறத்தாழ உறுதி.

அளவி காட்டும் எண்கள்

மெல்லிய துணி சுற்றிய சிறிய காந்தம் மிக எளிய கருவி. எஃகை விட்டு விலகும்தோறும் காந்தத்தின் பிடி விரைந்து குறைவதால், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பட்டி உள்ள இடத்தில் அது நழுவிவிடும். ஆயினும் 100 மைக்ரானுக்கும் 200 மைக்ரானுக்கும் உள்ள வேறுபாட்டைக் கைப்பிடியின் உணர்வால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதற்கெனவே பூச்சுத் தடிமன் அளவி பயன்படுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதன் அடிப்படை. அளவியின் முனையிலுள்ள இரும்பு உள்ளகத்தைச் சுற்றிய கம்பிச்சுருளில் குறைந்த அதிர்வெண் கொண்ட மாறுமின்னோட்டம் பாய, உருவாகும் காந்தப்புலம் எஃகுத் தகட்டின் அண்மையில் வலுக்கிறது. இரண்டாவது சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அளந்தால் முனைக்கும் எஃகுக்கும் இடையிலுள்ள தொலைவு, அதாவது பூச்சின் தடிமன், கிடைத்துவிடுகிறது.

அலுமினியப் பேனல் காந்தத்தால் ஈர்க்கப்படாது என்பதால் அங்கே வேறு முறை வேண்டும். உயர் அதிர்வெண் காந்தப்புலம் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவை தம்மை எழுப்பிய புலத்தையே எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பின் அளவு தொலைவைக் காட்டுகிறது. இரண்டு முறைகளும் அமைந்த அளவிகள் உலோகத்தை அறிந்து தாமே மாறிக்கொள்ளும். பம்பர் போன்ற நெகிழிப் பாகங்களில் இரண்டும் பயன்படா. மீயொலி அலைகள் அடுக்குகளில் பட்டு எதிரொலிக்கும் நேரத்தை அளக்கும் விலையுயர்ந்த கருவியே அங்கு உதவும்.

அளக்கத் தொடங்கும் முன், அளவியோடு வரும் பூச்சற்ற தகட்டிலும் தடிமன் அறிந்த தாளிலும் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விளிம்புகளையும் கூரிய வளைவுகளையும் தவிர்த்து, ஒவ்வொரு பேனலிலும் குறைந்தது ஐந்து இடங்களில் அளந்து குறித்துக்கொண்டால், காரின் முழு வரைபடம் ஒன்று கிடைக்கும். எண்களைத் தனித்தனியே பார்ப்பதைவிட அந்த வரைபடத்தைப் படிப்பதே பயனுள்ளது. கூரையும் மூன்று கதவுகளும் 95 முதல் 115 மைக்ரான் காட்ட, நான்காவது கதவு 240 காட்டினால், அது மறுபூச்சுப் பெற்றது என்பதில் ஐயமில்லை. அதே கதவின் ஒரு பகுதியில் மட்டும் 900 காட்டினால் அங்கே பட்டி இருக்கிறது. கார் முழுவதும் ஏறத்தாழ 140 காட்டினால், அது அந்த ஆலையின் இயல்பாக இருக்கலாம். மிகக் குறைந்த எண்ணும் கவனத்துக்குரியது. திரும்பத் திரும்பக் காம்பவுண்ட் இட்டு மெருகேற்றியதால் கிளியர் கோட் தேய்ந்திருந்தால், சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்கள் குறைந்து, வண்ணம் விரைவில் வெளுத்துவிடும்.

அடுக்குகளை எண்ணிப் படிக்கும் இந்த அறிவு குற்றப் புலனாய்விலும் பயன்படுகிறது. மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனத்திலிருந்து உதிர்ந்த வண்ணச் செதிலை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வோர் அடுக்கின் வேதியமைப்பையும் அகச்சிவப்பு நிறமாலையால் அறிந்து, கனடாவின் அரச காவல்படை பராமரிக்கும் கார்ப் பூச்சுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால், வாகனத்தின் நிறுவனத்தையும் காலத்தையும் ஊகிக்க முடிகிறது. செதிலில் பட்டறைப் பூச்சின் அடுக்குகளும் இருந்தால் சான்று மேலும் வலுப்பெறுகிறது; ஒரே ஆலையில் பிறந்த ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே அடுக்குகளைக் கொண்டிருக்க, மறுபூச்சின் வரிசை ஒவ்வொரு வண்டிக்கும் பெரும்பாலும் தனித்தன்மை வாய்ந்தது.

கண்டறிந்ததை எடைபோடுதல்

மறுபூச்சு என்பதும் பெரும் விபத்து என்பதும் ஒன்றல்ல. நெருக்கமான தெருவில் இருசக்கர வாகனம் உரசிய கீறலுக்காகவும் கதவு மறுபூச்சுப் பெறலாம். ஆலையிலேயே ஏற்பட்ட குறையைச் சரிசெய்ய மீண்டும் தெளிக்கப்பட்டதும், விற்பனைக்கு வரும் வழியில் பட்ட கீறல் விற்பனையகத்தில் சரிசெய்யப்பட்டதும் உண்டு. ஆகவே அளவி காட்டிய எண்ணைவிட அந்த எண் எந்த இடத்தில் கிடைத்தது என்பதே கூடுதல் எடை பெற வேண்டும். கதவின் வெளித்தகடும் ஃபெண்டரும் கழற்றி மாற்றத்தக்கவை. கூரை, தூண்கள், கதவுக்குக் கீழுள்ள படிப்பகுதி, எஞ்சின் அறையின் இருபுறமும் உள்ள ஏப்ரன் ஆகியவை உடலின் கட்டமைப்போடு இணைந்தவை. அங்கே கூடுதல் தடிமனோ கைவெல்டோ காணப்பட்டால் மோதல் கட்டமைப்பை எட்டியிருக்கக்கூடும்.

இதன் விளைவுகள் அழகோடு நின்றுவிடுவதில்லை. எஃகுத் தகட்டின் மீது காப்பாக ஏறியிருக்கும் துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும்; எஃகு உருகுவதற்கோ ஏறத்தாழ 1500 பாகை வேண்டும். எனவே வெல்டு செய்யும் சூட்டில் தகட்டின் துத்தநாகக் காப்பும் உட்புற மின்படிவுப் பூச்சும் எரிந்துபோகின்றன. மூடிய பொந்தின் உட்புறத்தில் ஆலையின் தொட்டி தந்த காப்பை எந்தப் பட்டறையாலும் அதே தரத்தில் மீட்க முடியாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில், அங்கே துரு உள்ளிருந்து தொடங்கி, வெளிப்பூச்சு குமிழியிடும்போதுதான் கண்ணில் படும். இன்றைய கார்களின் தூண்களில் பயன்படும், சூட்டில் அழுத்தி உருவாக்கிய போரான் எஃகு, தீயால் சூடேற்றி நிமிர்த்தப்பட்டால் தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கிறது. அடுத்த மோதலில் உள்ளிருப்பவரைக் காக்கவேண்டிய தூண் அப்போது எதிர்பார்த்தபடி தாங்காது.

ஆகையால் மறுபூச்சைக் கண்டவுடன் காரை நிராகரிப்பதும், பளபளப்பை நம்பி ஏற்பதும் ஒருசேரப் பிழையாகும். பகல் வெளிச்சத்தில் காரைச் சுற்றி வந்து பேனல்களை இடவலமாக ஒப்பிட்டு, ஓரங்களையும் போல்ட்டுகளையும் பார்த்து, அளவியால் வரைபடம் எடுத்து, மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவா என்று காண வேண்டும். சுட்டினால், அந்தப் பழுது எப்போது, எதனால் நேர்ந்தது என்று விற்பவரிடம் கேட்டு, அவர் சொல்லும் விடையைக் காப்பீட்டுக் கோரிக்கைகளோடும் சர்வீஸ் பதிவுகளோடும் ஒத்துப்பார்த்து, கட்டமைப்புப் பகுதி சந்தேகத்துக்குரியதாயின் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்புறத்தையும் சோதிக்க வேண்டும். வெளித்தகடு மட்டும் மறுபூச்சுப் பெற்ற காரை அதற்கேற்ற விலையில் வாங்குவதில் குறையில்லை; தூணும் ஏப்ரனும் வெட்டி ஒட்டப்பட்ட காரை எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே அதில் பயணம் செய்யப்போகும் குடும்பத்துக்கு நல்லது.